கேள்வி வளர்க்கும் இசை

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஓர் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் நால்வர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒருவர் மருந்தகத்தில் பணிபுரியும் பெண்மணி. ஒருவர் பேருந்து ஓட்டுநர். நான்காமவள் வீணை பயிலும் உயர்நிலைப்பள்ளி மாணவி. நடுவில் தேநீரும் முறுக்கும் இருக்கின்றன. ஆசிரியர் புதிர் ஒன்றைப் போடுகிறார்.

“கீரவாணி, கரகரப்பிரியா, கௌரிமனோகரி. இந்த மூன்று இராகங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. என்ன அது?”

மாணவி தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். “மூன்று பெயர்களும் ‘க’ வரிசையில் தொடங்குகின்றன, ஐயா.”

அவள் சொன்ன விடை மிக எளியது. ஆயினும் யாரும் அதை ஏளனம் செய்யவில்லை. “சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாய், அம்மா. அடுத்த எழுத்தையும் பார்” என்கிறார் ஆசிரியர். மாணவி மீண்டும் சொல்லிப் பார்க்கிறாள். கீ-ர, க-ர, கௌ-ரி. மூன்றிலும் இரண்டாம் எழுத்து ரகரம்! அவளுடைய முகம் மலர்கிறது. ஆனால், புதிர் அங்கே முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

கருநாடக இசையில் ஈடுபாடுடையோர் கூடும் இடங்களில் இத்தகைய புதிர்கள் இயல்பாகவே எழுகின்றன. கச்சேரி முடிந்து வீடு திரும்பும் வழியிலும், இசை வகுப்பு தொடங்குவதற்கு முன்னரும், திருமண வீட்டில் நாதசுவரம் ஒலிக்கும் வேளையிலும் ஒருவர் கேட்க, மற்றவர் விடை தேடுகின்றனர். இதைச் சிலர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகின்றனர். ‘இராகத்தின் எண்ணைத் தெரிந்துகொள்வதால் இசை வந்துவிடுமா?’ என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். எனினும், நண்பர்களிடையே பரிமாறப்படும் இசைப்புதிர் ஒரு நல்ல பள்ளிக்கூடம் என்றே கருத வேண்டும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. புதிர் செவியை நோக்கி அழைத்துச் செல்ல வேண்டும். கேட்பவரின் மனத்தில் அன்பு இருக்க வேண்டும்.

முதலில் அந்த மூன்று இராகங்களின் புதிரையே எடுத்துக்கொள்ளலாம். கருநாடக இசையில் 72 தாய் இராகங்கள் உள்ளன. இவற்றை மேளகர்த்தா இராகங்கள் என்பர். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி, தம்முடைய ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’ என்னும் நூலில் இந்த 72 பகுப்புக்கு வித்திட்டார். பின்னர், ஒவ்வோர் இராகத்தின் எண்ணையும் அதன் பெயருக்குள்ளேயே மறைத்து வைக்கும் முறை வழக்கத்திற்கு வந்தது. அதற்குக் ‘கடபயாதி’ என்று பெயர். வடமொழி நெடுங்கணக்கில் உள்ள மெய்யொலிகளுக்கு வரிசையாக எண்கள் தரப்படுகின்றன. க வரிசை, ட வரிசை, ப வரிசை, ய வரிசை ஆகிய ஒவ்வொன்றும் ஒன்று என்னும் எண்ணில் தொடங்கும். இராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்குரிய எண்களை எழுதித் திருப்பிப் போட்டால் இராகத்தின் எண் கிடைத்துவிடும்.

மாயாமாளவகௌளையைச் சான்றாகக் கூறலாம். ‘மா’ ப வரிசையில் ஐந்தாவது. ‘யா’ ய வரிசையில் முதலாவது. 51 என்பதைத் திருப்பினால் 15. அதுவே அந்த இராகத்தின் எண். இசை கற்கத் தொடங்கும் பிள்ளைகள் முதன்முதலில் சரளி வரிசை பாடுவது இந்த இராகத்தில்தான். பல ஆண்டுகளாகப் பாடியவர்கள்கூட அதன் பெயருக்குள் ஓர் எண் ஒளிந்திருப்பதை அறியாமல் இருப்பதுண்டு. எண்ணுக்குப் பொருந்துவதற்காகவே பழைய பெயர்களுக்கு முன்னால் புதிய அடைகளும் சேர்க்கப்பட்டன. சங்கராபரணம் ‘தீரசங்கராபரணம்’ ஆகி 29ஆம் இடத்தைப் பெற்றது. கல்யாணி ‘மேசகல்யாணி’ ஆகி 65ஆம் இடத்தில் அமர்ந்தது. தோடிக்கு முன்னால் ‘அனும’ என்னும் அடை வந்த காரணமும் இதுவே. அது எட்டாவது இராகம்.

இப்போது மாணவியின் புதிருக்குத் திரும்பலாம். தமிழ் எழுத்தில் மூன்று பெயர்களும் ககரத்தில் தொடங்குகின்றன. ககரத்திற்கு ஒன்று, ரகரத்திற்கு இரண்டு என்று கொண்டால் மூன்றுக்கும் 21 என்னும் ஒரே எண்தான் கிடைக்கும். ஆனால், மூன்று இராகங்களுக்கு ஒரே எண் இருக்க முடியாது. எங்கே பிழை? தமிழில் ‘க’ என்று எழுதப்படுவது வடமொழியில் நான்கு வெவ்வேறு ஒலிகளாக உள்ளது. கீரவாணியின் ககரம் அவற்றுள் முதல் ஒலி. கரகரப்பிரியாவின் ககரம் மூச்சு அழுந்தும் இரண்டாம் ஒலி. கௌரிமனோகரியின் ககரம் ‘தங்கம்’ என்னும் சொல்லில் ஒலிப்பதைப் போன்ற மூன்றாம் ஒலி. ஆகவே, அவற்றின் எண்கள் முறையே 21, 22, 23. மூன்றும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இராகங்கள்! கண்ணால் மட்டும் பார்த்தவருக்கு விடை கிடைக்காது. பெயரை வாய்விட்டுச் சொல்லிக் காதால் கேட்டவருக்கே கிடைக்கும்.

அதோடும் நின்றுவிடுவதில்லை. அடுத்தடுத்த எண்கள் என்றால் இராகங்களும் நெருங்கிய உறவினர்களாக இருக்க வேண்டும் அல்லவா? 72 இராகங்களும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு சக்கரங்களில் அடுக்கப்பட்டுள்ளன. ஒரே சக்கரத்தில் உள்ள இராகங்களுக்குக் கீழ்ப்பாதிச் சுரங்கள் ஒன்றே. மேற்பாதியில் உள்ள தைவதமும் நிஷாதமும் மட்டுமே மாறும். இம்மூன்றும் நான்காம் சக்கரத்தைச் சேர்ந்தவை. கீரவாணியின் தைவதத்தை ஒரு படி உயர்த்தினால் கௌரிமனோகரி பிறக்கிறது. கௌரிமனோகரியின் நிஷாதத்தை ஒரு படி தாழ்த்தினால் கரகரப்பிரியா பிறக்கிறது. அந்த மாணவி வீட்டிற்குச் சென்று வீணையை எடுத்து, ஒரு மெட்டு மாற்றி விரலை வைத்துப் பார்த்தால் போதும். ஒரே ஒரு சுரம் மாறும்போது இராகத்தின் முகமே மாறுவதை அவளுடைய செவி உணரும். எழுத்தில் தொடங்கிய புதிர் எண்ணுக்குச் சென்று, எண்ணிலிருந்து வீணைக்குச் சென்றுவிட்டது. நல்ல புதிரின் அடையாளம் இதுவே.

புதிரின் வழியே அறிவைக் கடத்துவது தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியம் ‘பிசி’ என்று குறிப்பிடுவது இன்று விடுகதை எனப்படுவதையே. பாட்டியின் மடியில் அமர்ந்து விடுகதைக்கு விடை தேடாத குழந்தை முன்பெல்லாம் அரிது. இசை மரபிலும் அதே மனப்பான்மை உண்டு. பன்னிரண்டு சக்கரங்களின் பெயர்களே விடுகதைகளாக அமைந்துள்ளன. முதல் சக்கரம் இந்து, நிலவு ஒன்றே. இரண்டாவது நேத்திரம், கண்கள் இரண்டு. நான்காவது வேதம், வேதங்கள் நான்கு. ஆறாவது ருது, பருவங்கள் ஆறு. பத்தாவது திசி, எட்டுத் திக்குகளுடன் மேலும் கீழும் சேர்த்தால் திசைகள் பத்து. எண்ணைச் சொல்லாமல் எண்ணை உணர்த்திய முன்னோர், மாணவர்கள் சிந்தித்தே கற்க வேண்டும் என்று விரும்பினர் போலும்.

ஆயினும், எல்லாப் புதிர்களும் நல்ல புதிர்கள் என்று கூறிவிட முடியாது. இசையை ஒதுக்கிவிட்டுச் செய்தியை மட்டும் கேட்கும் வினாக்களும் உள்ளன. ‘தியாகராசர் எந்த ஆண்டில் பிறந்தார்?’ என்று கேட்டால், ‘1767’ என்று ஒருவர் சொல்வார். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். தெரிந்தவர் பெருமைப்படுவார், தெரியாதவர் தலைகுனிவார். இசை எங்கும் ஒலிக்காது. இத்தகைய வினாக்களை மனத்தில் வைத்தே புதிர்களைக் குறைகூறுவோர் பேசுகின்றனர். அவர்களின் குறையில் உண்மை இருப்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், அதே செய்தியை வேறு விதமாகவும் கேட்கலாம். ‘சியாமா சாஸ்திரி, தியாகராசர், முத்துசாமி தீட்சிதர் ஆகிய மூவரும் பிறந்த ஊர் எது?’ என்று கேட்டால் ‘திருவாரூர்’ என்பது விடை. அங்கேயே நிறுத்தாமல், ‘ஒரே ஊரில், பதினைந்து ஆண்டுகளுக்குள் மூன்று மேதைகள் பிறக்கக் காரணம் என்னவாக இருக்கும்?’ என்று தொடர்ந்தால் உரையாடல் விரிகிறது. கோயில்களும், அவற்றைச் சார்ந்து வாழ்ந்த இசைக் கலைஞர்களும், கலைகளை ஆதரித்த தஞ்சை மராத்திய மன்னர்களும் பேச்சில் இடம்பெறுவர். ‘பெயர் சொல்லாமல் ஒரு பாடலைப் பாடினால், அது இம்மூவருள் யாருடையது என எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று கேட்டால் இன்னும் சிறப்பு. தீட்சிதர் தம் பாடல்களில் ‘குருகுக’ என்றும், சியாமா சாஸ்திரி ‘சியாமகிருஷ்ண’ என்றும், தியாகராசர் தம் பெயரையே முத்திரையாகவும் வைத்தனர். தீட்சிதரின் பாடல்கள் பலவற்றில் இராகத்தின் பெயரும் பாடலடிக்குள் நயமாகப் புதைந்திருக்கும். இதை அறிந்தவர் பாடலைக் கடைசிவரை கூர்ந்து கேட்பார். விடையைக் கண்டுபிடிப்பதற்காகக் கேட்கத் தொடங்கி, விடையை மறந்து பாடலில் மூழ்கிவிடுவதும் உண்டு.

ஆகவே, ஒரு புதிர் நல்லதா என அறிய எளிய உரைகல் ஒன்று உள்ளது. விடை தெரிந்த பிறகு அந்தப் பாடலையோ இராகத்தையோ கேட்கத் தோன்றுகிறதா? தோன்றினால் அது நல்ல புதிர். தோன்றாவிட்டால் அது நினைவாற்றல் போட்டி மட்டுமே.

அத்தகைய நல்ல புதிர் ஒன்றைப் பள்ளியின் இசையறையிலேயே போடலாம். விசைப்பலகையில் உள்ள கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக அமைந்திருக்கும். வெள்ளைக் கட்டைகளைத் தொடாமல், மூன்று கட்டைக் கூட்டத்தின் முதற்கட்டையில் தொடங்கி ஐந்து கறுப்புக் கட்டைகளை வரிசையாக வாசித்தால் என்ன இராகம் பிறக்கும்? மோகனம். அதே ஐந்து கட்டைகள்தாம். ஆனால், அக்கூட்டத்தின் நடுக்கட்டையை ஆதார சட்சமாகக் கொண்டால் மத்தியமாவதி. மூன்றாம் கட்டையைக் கொண்டால் இந்தோளம். இரண்டு கட்டைக் கூட்டத்தின் முதற்கட்டையில் தொடங்கினால் சுத்தசாவேரி; அடுத்ததில் தொடங்கினால் சுத்ததன்யாசி. ஐந்து கட்டைகளுக்குள் ஐந்து இராகங்கள்! இதற்குக் கிரகபேதம் என்று பெயர்.

இந்தப் புதிர் பிற இனத்து நண்பர்களையும் அழைக்கிறது. சீன மரபிசையில் பரவலாக வழங்கும் ஐந்து சுர அமைப்பும் மோகனத்தின் சுரங்களை ஒத்ததே. சீனப் புத்தாண்டுக் காலத்தில் கடைத்தொகுதிகளில் ஒலிக்கும் இசை ஏதோ பழகிய இசைபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அருகில் அமர்ந்திருக்கும் சீன மாணவர் ஒருவர் தம் இசையை வாசிக்க, தமிழ் மாணவர் மோகனத்தைப் பாட, எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று இருவரும் சேர்ந்து தேடலாம். சுரங்கள் ஒன்றாக இருந்தாலும் கமகமும் சொற்கட்டும் இசையை வேறாக்கிவிடுவதை அப்போது அவர்கள் உணர்வர்.

புதிர்களின்மீது வைக்கப்படும் இரண்டாவது குறை சற்றுக் கடுமையானது. புதிர் போடுவோர் தம் அறிவைக் காட்டிக்கொள்ளவே போடுகின்றனர். புதியவரை அவர்கள் வெட்கப்படச் செய்கின்றனர் என்பது அது. இது நடப்பதே இல்லை என்று யாரும் கூற முடியாது. ‘இதுகூடத் தெரியாதா?’ என்னும் ஒரு சொல் போதும். அடுத்த வாரம் அந்த மாணவி வரமாட்டாள். அதற்கு அடுத்த ஆண்டு வீணை உறைக்குள் போய்விடும்.

இங்கேதான் உண்மையான இழப்பு இருக்கிறது. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949ஆம் ஆண்டு முதலும், கோலாலம்பூரின் நுண்கலைக் கோயில் 1981ஆம் ஆண்டு முதலும் தலைமுறை தலைமுறையாக இளையர்க்கு இசை கற்பித்து வருகின்றன. கற்கும் இளையர்க்குக் குறைவில்லை. ஆனால், தேர்வு முடிந்ததும், அரங்கேற்றம் முடிந்ததும் இசையை விட்டு விலகுவோரும் உள்ளனர். வகுப்பறை இசையைக் கற்பிக்கலாம். அதைப் பற்றிப் பேச நண்பர்கள் வேண்டும். பேச ஆளில்லாத கலை மெல்ல மெல்ல வாழ்விலிருந்து நழுவிவிடும். காற்பந்தாட்டத்தைப் பற்றி நாள்தோறும் பேசும் நண்பர்கள் இருப்பதால்தான் அதை விளையாடாதவரும் அதை நேசிக்கின்றனர். இசைக்கும் அத்தகைய நட்பு வட்டம் தேவை. புதிர் அந்த வட்டத்தின் நுழைவாயில். அவ்வாயிலிலேயே ஒருவரை அவமானப்படுத்தினால், உள்ளே வர யார் துணிவர்?

எனவே, புதிர் போடுபவருக்குச் சில கடமைகள் உண்டு. குழுவில் மிகக் குறைவாகத் தெரிந்தவரும் ஓர் அடி எடுத்து வைக்கும்படி வினாவை அமைக்க வேண்டும். தவறான விடையில் உள்ள சரியான பகுதியைக் கண்டு சொல்ல வேண்டும். குறிப்புகளைக் கஞ்சத்தனம் இன்றித் தர வேண்டும். விடையைக் கூறிய பின்னர், அது எப்படிக் கிடைத்தது என்பதையும் விளக்க வேண்டும். திரையிசை மட்டுமே அறிந்தவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1985இல் வெளிவந்த ‘சிந்து பைரவி’ திரைப்படத்தில், ஆரோகணச் சுரங்களை மட்டுமே கொண்டு இளையராஜா கல்யாணியில் அமைத்த பாடல் எது என்று கேட்டால், வகுப்புக்கே சென்றிராத பேருந்து ஓட்டுநர்தான் முதலில் விடை சொல்லக்கூடும்.

மூன்றாவது குறை இக்காலத்திற்கே உரியது. கைப்பேசியில் தட்டினால் ஒரு நொடியில் விடை கிடைக்கும்போது புதிர் எதற்கு என்று இளையர் சிலர் கேட்கின்றனர். தீபாவளிக்கு ஒட்டுக்கோலம் கடையில் கிடைக்கிறது. வாங்கி வாசலில் ஒட்டிவிடலாம். வாசல் அழகாகத்தான் இருக்கும். ஆனால், புள்ளி வைத்துக் கோலமிட்டவரின் விரல்களுக்குக் கிடைக்கும் பயிற்சி, ஒட்டியவருக்குக் கிடைப்பதில்லை. புதிரும் அப்படித்தான். விடையைத் தேடிச் செல்லும் வழியில் பழைய பாடல்கள் பத்து நினைவுக்கு வருகின்றன. இரண்டு இராகங்களை மனத்திற்குள் பாடி ஒப்பிட்டுப் பார்க்க நேர்கிறது. கைப்பேசி அந்த வழியையே இல்லாமல் செய்துவிடுகிறது.

கைப்பேசியை முற்றிலும் விலக்க வேண்டும் என்பதில்லை. சிந்தித்து முடித்த பிறகு விடையைச் சரிபார்க்கவும், உடனே அந்த இராகத்தைக் கேட்கவும் அதைப் போன்ற துணை வேறில்லை. அப்போதும் ஒரு பாடம் காத்திருக்கிறது. முத்துசாமி தீட்சிதரின் பிறந்த ஆண்டைத் தேடினால், சில இடங்களில் 1775 என்றும் வேறு சில இடங்களில் 1776 என்றும் காணப்படும். முதலில் கண்ணில் பட்டதே உண்மை என்று நம்பாமல், இரண்டு மூன்று நூல்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை இது வளர்க்கும். ‘எனக்கு உறுதியாகத் தெரியவில்லை’ என்று சொல்லத் தயங்காதவரே நல்ல நண்பராகவும் நல்ல மாணவராகவும் விளங்குவார்.

தமிழில் ‘கேள்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. வினவு என்பது ஒன்று. செவிகொடு என்பது மற்றொன்று. திருக்குறளில் ‘கேள்வி’ என்னும் அதிகாரம் பேசுவது செவிச்செல்வத்தைப் பற்றியே. வினவுவதற்கும் செவிமடுப்பதற்கும் ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது. வினவாமல் கேட்கும் இசை காதோடு நின்றுவிடலாம். செவிகொடுக்காமல் எழுப்பும் வினா நாவோடு நின்றுவிடும். இரண்டும் சேரும்போதே இசை மனத்தில் தங்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவி மீண்டும் வருகிறாள். இம்முறை கையில் ஒரு தாள். “ஐயா, நான் ஒரு புதிர் போடலாமா?” என்று கேட்கிறாள். “இரண்டு மேளகர்த்தா இராகங்கள். ஒன்றின் இரண்டாம் எழுத்தே மற்றொன்றின் முதலெழுத்து. ஒன்றின் எண்ணைத் திருப்பிப் போட்டால் மற்றொன்றின் எண். ஓர் எண் 36. எவை அவை?”

ஆசிரியர் கண்களை மூடிச் சிந்திக்கிறார். மருந்தகப் பெண்மணி விரல்விட்டு எண்ணுகிறார். ஓட்டுநர் ஏதோ முணுமுணுத்துப் பார்க்கிறார். சற்று நேரத்திற்குப் பிறகு ஆசிரியர் சிரித்துக்கொண்டே, “எனக்குப் பிடிபடவில்லை, அம்மா. நீயே சொல்” என்கிறார்.

“சலநாட்டை 36; லதாங்கி 63” என்கிறாள் மாணவி.

“அருமை! இரண்டையும் வாசித்துக் காட்டு, கேட்போம்” என்கிறார் ஆசிரியர். மாணவி வீணையை உறையிலிருந்து எடுக்கிறாள்.